கேமராவை ‘எம்’முக்குத் திருப்பிய பிறகு

விடியற்காலையில் வடசென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குக் கேமராவோடு போகும் புதியவர்கள் பெரும்பாலும் ஒரே வகைப் படங்களோடுதான் திரும்புகிறார்கள். ஏலம் விடுகிறவரின் கை கலங்கிப்போய் இருக்கும். படகின் முனையில் நிற்கும் ஆள் முகம் தெரியாமல் கறுத்திருப்பார், பின்னால் வானம் மட்டும் வெளுத்திருக்கும். வஞ்சிரம் அடுக்கிய வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி அழுக்குச் சாம்பல் நிறத்தில் வந்திருக்கும். உடனே, “லென்ஸ் சரியில்ல போல, வேற வாங்கணும்” என்று விலை விசாரிக்கக் கிளம்பிவிடுவார்கள். லென்ஸ் மேல் தப்பில்லை. மூன்று படத்துக்கும் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. மூன்றையும் காசு செலவில்லாமல் சரிசெய்யலாம். கேமராவின் மேல் இருக்கும் வட்டத் திருகை ‘எம்’ என்ற எழுத்துக்குத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான்.

‘எம்’ என்றால் மேனுவல். அதில் நாம் தீர்மானிப்பவை மூன்று. லென்ஸுக்குள் இருக்கும் துவாரம் எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்பது அப்பர்ச்சர். வெளிச்சம் எவ்வளவு நேரம் உள்ளே விழ வேண்டும் என்பது ஷட்டர் வேகம். உள்ளே வந்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்ட வேண்டும் என்பது ஐஎஸ்ஓ. ஆட்டோவில் இந்த மூன்றையும் கேமராவே போட்டுக்கொள்கிறது. எதிரே இருப்பது ஓடுகிற பையனா, நிற்கிற படகா என்று அதற்கு நிச்சயமாகத் தெரியாது. நமக்குத் தெரியும். மேனுவல் கற்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். ‘எம்’ போட்டால் ஃபோகஸையும் கையால்தான் திருக வேண்டும் என்று பலர் நினைத்துப் பயப்படுகிறார்கள். தேவையில்லை. ஃபோகஸுக்குத் தனிப் பொத்தான் இருக்கிறது, அது பாட்டுக்கு ஆட்டோவிலேயே இருக்கட்டும். ஏலக்கூட்டத்தில் கையால் ஃபோகஸ் திருகிக்கொண்டு நின்றால் அதற்குள் மீன் விற்றுப்போய்விடும்.

சரி, தெர்மாகோல் பெட்டியிலிருந்து தொடங்குவோம். மற்ற எல்லாவற்றுக்கும் சாவி அதில்தான் இருக்கிறது.

கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் ஒன்று உண்டு. வியூஃபைண்டரில் கண் வைத்தால் அடியில் ஒரு சின்ன அளவுகோல் தெரியும். நடுவில் பூஜ்யம், ஒரு பக்கம் பிளஸ், மறுபக்கம் மைனஸ். முள் பூஜ்யத்துக்கு வந்தால் ‘சரியான வெளிச்சம்’ என்று மீட்டர் சொல்கிறது. இதை அப்படியே நம்பக் கூடாது. வருகிறவர் எல்லோருக்கும் ஒரே அளவில் சட்டை தைத்துக் கொடுக்கும் டெய்லர் இந்த மீட்டர். எதைக் காட்டினாலும் அதை நடுத்தரமான சாம்பல் நிறமாகத்தான் வைத்துக்கொண்டு கணக்குப் போடும். வந்து விழும் வெளிச்சத்தில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் என்று பழைய புகைப்படக்காரர்கள் சொல்வார்கள். அதனால் ஃபிரேம் முழுக்க வெள்ளைப் பெட்டி இருந்தால், ‘அடேயப்பா, ரொம்ப வெளிச்சம்’ என்று மீட்டர் இருட்டாக்கிவிடும். இரவில் மின்ட் தெருவில் ஒரு இருட்டுச் சந்துப் பக்கம் காட்டினால், ‘போதாது’ என்று வெளிச்சத்தை ஏற்றி இரவைச் சாயங்காலமாக்கிவிடும். வானத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்கும் மீனவரை எடுத்தால், பரப்பில் பெரியது வானம்தானே, வானத்துக்கு அளவெடுத்து ஆளைக் கறுப்பாக்கிவிடும்.

அதனால் வெள்ளையை எடுக்கும்போது அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றில் ஒன்றைத் திருகி முள்ளைப் பிளஸ் ஒன்று, ஒன்றரை பக்கம் தள்ளி வையுங்கள். இரவுத் தெருவை எடுக்கும்போது மைனஸ் ஒன்று. வானத்துக்கு எதிரே நிற்கும் ஆளுக்கு வேறு வழி: மீட்டரை ‘ஸ்பாட்’ முறைக்கு மாற்றினால் ஃபிரேமின் ஒரு சிறு புள்ளியை மட்டும் அளக்கும். அந்தப் புள்ளியை முகத்தில் வைத்து அளந்துவிட்டு, அப்புறம் ஃபிரேமை அமைத்துக்கொள்ளலாம். வானம் வெளுத்துப் போகும்தான். முகம் வேண்டுமா, வானம் வேண்டுமா என்று நாம்தான் தீர்மானிக்கிறோம். வானம்தான் வேண்டுமென்றால், ஆளை நிழலுருவமாகவே விட்டுவிடுவதும் நல்ல படம்தான்.

நம் ஆட்களின் நிறத்துக்கு மீட்டர் இன்னும் கொஞ்சம் குழம்பும். கடல் வெயிலில் காய்ந்து கறுத்த முகம் ஃபிரேமை நிறைத்தால், அதையும் நடுச்சாம்பலாக்க நினைத்து வெளுக்கவைக்கும். முகத்தின் உண்மையான நிறமும் அதிலிருக்கும் மினுமினுப்பும் போய்விடும். இதற்கு எளிய வழி உள்ளங்கை. முகத்தில் விழும் அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையை விரித்து, அதை மட்டும் அளந்து, முள்ளைப் பிளஸ் ஒன்றில் வையுங்கள். மேல்தோல் எந்த நிறமானாலும் உள்ளங்கையின் நிறம் ஆளுக்கு ஆள் அவ்வளவாக மாறுவதில்லை. அந்த அளவை மாற்றாமல் முகத்தை எடுங்கள். கறுப்பு கறுப்பாக, அழகாக வரும். கறுப்பு முகத்தை வெளுக்கவைத்துக் கொடுக்கிற படங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், அது வேறு விஷயம்.

இந்தப் பிளஸ் ஒன்று, மைனஸ் ஒன்று என்பதெல்லாம் என்ன கணக்கு? அதற்கு ‘ஸ்டாப்’ என்று பெயர். ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரண்டு மடங்கு; ஒரு ஸ்டாப் குறைத்தால் பாதி. ஷட்டரில் இது பளிச்சென்று புரியும். திரையில் 125 என்று இருந்தால் நொடியில் 125-இல் ஒரு பங்கு நேரம். 250 ஆக்கினால் நேரம் பாதி, ஒரு ஸ்டாப் குறைவு. 60 ஆக்கினால் நேரம் இரட்டிப்பு, ஒரு ஸ்டாப் கூடுதல். ஐஎஸ்ஓவும் அப்படியே: 100, 200, 400, 800, 1600, 3200 என்று ஒவ்வொரு படியும் இரட்டிப்பு.

அப்பர்ச்சர் எண்கள்தான் ஆரம்பத்தில் கிறுக்குத்தனமாகத் தெரியும். எஃப் 2, 2.8, 4, 5.6, 8, 11, 16. இதில் எது இரட்டிப்பு? அதோடு எண் பெரிதானால் துவாரம் சிறிது என்கிறார்கள். காரணம் சுலபம்தான். எஃப் எண் என்பது லென்ஸின் குவிய நீளத்தை (லென்ஸின் மேல் 18, 50 என்று எம்எம்மில் எழுதியிருக்குமே, அது) துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வருவது. 50 எம்எம் லென்ஸில் எஃப் 2 என்றால் துவாரத்தின் விட்டம் 25 மில்லிமீட்டர். எஃப் 4 என்றால் 12.5 மில்லிமீட்டர். வகுக்கும் எண் பெரிதாகும்போது விடை சிறிதாகிறது. விட்டம் பாதியானால் வட்டத்தின் பரப்பு கால்வாசியாகிவிடும், அதாவது இரண்டு ஸ்டாப் குறையும். அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரு ஸ்டாப்புக்குத்தான் 2.8 என்ற எண். வரிசையில் ஒன்று விட்டு ஒன்றைப் பாருங்கள்: 2, 4, 8, 16. இன்னொரு வரிசை: 2.8, 5.6, 11. இப்படிப் பிரித்துப் பார்த்தால் மனப்பாடம் செய்யவே வேண்டியதில்லை. கேமராவின் சக்கரத்தைத் திருப்பும்போது இடையில் 3.5, 6.3, 160, 200 என்றெல்லாம் வருவது மூன்றில் ஒரு ஸ்டாப் படிகள். மூன்று கிளிக் ஒரு ஸ்டாப், இது போதும்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஒரு பக்கம் ஒரு ஸ்டாப் எடுத்து இன்னொரு பக்கம் ஒரு ஸ்டாப் கொடுத்தால் படத்தின் வெளிச்சம் மாறாது. எஃப் 4, 250 என்பதும் எஃப் 5.6, 125 என்பதும் வெளிச்சத்தில் ஒன்றுதான். ஆனால் இரண்டும் ஒரே படமல்ல. முதலாவதில் ஓடுகிறவன் கொஞ்சம் கூர்மையாக நிற்பான், பின்னணி கொஞ்சம் கலங்கும். இரண்டாவதில் பின்னணி தெளியும், ஓடுகிறவன் கலங்குவான். அதனால் கேமராவைத் தூக்குவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் படத்தில் எதை விட்டுக்கொடுக்கவே முடியாது? அசைவையா, ஆழத்தையா (முன்னாலிருந்து பின்னால்வரை எவ்வளவு தூரம் தெளிவாக இருக்கிறது என்பதையா)? அதை முதலில் பூட்டிவிடுங்கள். மிச்சம் இரண்டும் அதற்கு ஏற்ப வளைந்து கொடுக்கும். மூன்றையும் ஒரே நேரத்தில் திருகிக்கொண்டிருப்பதால்தான் பலருக்கு ஒரு வாரத்திலேயே மேனுவல் அலுத்துப்போகிறது.

அசைவு முக்கியமென்றால் ஷட்டரிலிருந்து தொடங்க வேண்டும். நடக்கிற ஆளுக்கு 250 போதும். வியாசர்பாடிப் பையன்கள் கால்பந்து ஆடும்போது 1000-க்குக் குறைந்தால் பந்து முட்டையாகிவிடும், கால் இரண்டாகத் தெரியும். மீன் வாடாமல் இருக்கக் கூடைமேல் தண்ணீர் தெளிக்கிறார்களே, அந்தத் துளிகள் காற்றில் தனித்தனியாக நிற்க வேண்டுமென்றாலும் 1000 வேண்டும். 60 வைத்தால் அதே துளிகள் கோடு கோடாக இறங்கும். எனக்கு அந்தக் கோடுகள்தான் பிடிக்கும். தண்ணீர் விழுவது கண்ணில் படுகிறது. இது ரசனை, விதி கிடையாது.

எதிரே இருப்பது அசையாவிட்டாலும் நம் கை அசையும். அதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு: ஷட்டர் எண் லென்ஸின் குவிய நீளத்துக்குக் கீழே போகக் கூடாது. 50 எம்எம் லென்ஸுக்கு 50. தொடக்கக்காரர்கள் வாங்கும் பெரும்பாலான கேமராக்களில் சென்சார் (வெளிச்சம் விழுந்து படம் பதிகிற சில்லு) சிறியது. கேனானில் 1.6, நிக்கானிலும் சோனியிலும் 1.5 என்று பெருக்கிக்கொள்ள வேண்டும். ஆக 50 எம்எம்முக்கு 80, 200 எம்எம்முக்கு 320. லென்ஸிலோ கேமராவிலோ அதிர்வு தடுக்கும் வசதி இருந்தால் இரண்டு மூன்று ஸ்டாப் கீழே இறங்கலாம். அந்த வசதி நம் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும். மீன்காரம்மா கையை ஆட்டினால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

மெதுவான ஷட்டரை வேண்டுமென்றே பயன்படுத்தும் வித்தை ஒன்று உண்டு. வடசென்னையில் அதற்கென்றே படைத்த மாதிரி மீன்பாடி வண்டி இருக்கிறது. மீனையும் ஐஸையும் ஏற்றிக்கொண்டு எஸ்.என். செட்டித் தெருவில் தடதடவென்று வரும் வண்டியைப் பாருங்கள். ஷட்டரை 30-இல் வைத்து, வண்டி வரும் வேகத்துக்கே இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பிக்கொண்டு, நேர் எதிரே வரும்போது அமுக்க வேண்டும். அமுக்கிய பிறகும் திரும்புவதை நிறுத்தக் கூடாது. ஓட்டுகிறவர் தெளிவாக இருப்பார், பின்னால் கடை போர்டுகளெல்லாம் படுக்கைக் கோடுகளாக ஓடும். இதற்குப் பானிங் என்று பெயர். பத்து எடுத்தால் ஒன்று தேறும், கவலைப்படாதீர்கள். வண்டிகளுக்கா பஞ்சம்? ஒன்று போனால் இன்னொன்று வரும். வெயிலில் 30 வைத்தால் படம் வெளுத்துவிடும். அதனால் ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் எஃப் 16 வரை இறக்க வேண்டியிருக்கும். அதுவும் போதாவிட்டால் நிழல் விழுந்த தெருவாகப் பாருங்கள்.

ஆழம் முக்கியமென்றால் அப்பர்ச்சர். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஏலம் டல்லடிக்கும். ஆனால் அப்பர்ச்சர் பழக இதைவிட நல்ல சமயம் கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் படகுகள் வரிசையாக ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும், பெயிண்ட் அடிப்பார்கள், வலை பின்னுவார்கள். கேமராவோடு வரும் 18-55 லென்ஸை 18-இல் வைத்து, எஃப் 8 போட்டு, மூன்று மீட்டர் தள்ளி இருக்கும் எதிலாவது ஃபோகஸ் செய்யுங்கள். காலடிக்குச் சற்றுத் தள்ளிக் கிடக்கும் நங்கூரக் கயிற்றிலிருந்து கடைசிப் படகின் கொடிவரை எல்லாம் தெளிவாக இருக்கும். அப்புறம் 55-க்கு இழுத்து, அந்த நீளத்தில் அதன் அதிகபட்சத் திறப்பான எஃப் 5.6-இல், வலை பின்னுகிற விரல்களை ஒரு மீட்டர் தூரத்தில் நின்று எடுங்கள். விரலும் ஊசியும் மட்டும் தெளிவாக இருக்கும், படகுகள் வெறும் நிறத் திட்டுகளாகிவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது, பின்னணி கலங்குவதற்கு எஃப் எண் மட்டும் காரணமில்லை. எவ்வளவு கிட்டப் போகிறோம், எவ்வளவு நீளமான லென்ஸ், பின்னணி எவ்வளவு தள்ளி இருக்கிறது, இவையெல்லாம் சேர்ந்துதான். எஃப் 1.8 லென்ஸுக்குப் பணம் சேர்ப்பதற்கு முன்னால் இரண்டு அடி முன்னே போய்ப் பாருங்கள். மறுபக்கம், எல்லாம் தெளிவாக வேண்டும் என்று எஃப் 22-க்கு ஓடவும் கூடாது. துவாரம் மிகச் சிறிதானால் ஒளி அதன் விளிம்பில் வளைந்து பரவி, படம் முழுவதுமே லேசாக மழுங்கிவிடும். சிறிய சென்சார் கேமராவில் எஃப் 8, எஃப் 11 போதும். 1856-இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண் வரிசையை வெளியே தெருவில் நின்று எடுக்கிறீர்களா, எஃப் 8 போதும். (ரயில் நிலையத்துக்குள்ளும் பெரிய துறைமுகத்தின் பக்கமும் அனுமதியில்லாமல் கேமராவைத் தூக்காதீர்கள். வம்பு வரும்.)

ஐஎஸ்ஓவைப் பற்றிப் பேச வேண்டியது ஒன்றுதான்: பயப்படாதீர்கள். பிலிம் காலத்தில் ஐஎஸ்ஓ மாற்ற வேண்டுமென்றால் ரோலையே மாற்ற வேண்டும். இப்போது ஒரு விரல் வேலை. ஐஎஸ்ஓவை ஏற்றினால் சென்சாரில் விழும் வெளிச்சம் கூடுவதில்லை, விழுந்ததைத்தான் கேமரா பெருக்குகிறது. பெருக்கும்போது குறைந்த வெளிச்சத்தில் இருக்கும் குருணையும் (பொடிப்பொடியான புள்ளிகள்) சேர்ந்து பெரிதாகத் தெரிகிறது. ‘ஐஎஸ்ஓ 100-லயே எடுக்கணும், அதான் தரம்’ என்று யாரோ சொன்னதை வைத்துக்கொண்டு, இருட்டில் ஷட்டரை 15-க்கு இறக்கிப் படம் முழுக்கக் கலங்கலாக எடுத்து வருபவர்கள் உண்டு. குருணையை மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாம், தெளிவான முகத்தில் இரண்டு புள்ளி இருந்தால் யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். கலங்கிப்போன முகத்தை யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. இன்றைய சாதாரணக் கேமராவிலும் 3200 தாராளமாகப் போகலாம்.

இப்போது மூன்றையும் சேர்த்துப் பார்ப்போம். காலை ஐந்து மணி, காசிமேடு. சூரியன் இல்லை, மேலே எல்இடி விளக்குகள். ஏலம் விடுகிறவர் கூவிக்கொண்டிருக்கிறார், சுற்றிலும் ஆட்கள், தரையெல்லாம் ஐஸ் தண்ணீர். எதை விட்டுக்கொடுக்க முடியாது? அவர் முகமும் கையும். அப்படியானால் ஷட்டர் முதலில். 250 வைக்கலாமே என்று தோன்றும். ஆனால் இங்கே ஒரு சிக்கல். நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. பல டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை மின்னுகின்றன, கண்ணுக்குத் தெரிவதில்லை. ஷட்டர் அதைவிட வேகமாக இருந்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும், சிலவற்றில் குறுக்கே பட்டை விழும். அதனால் 100-இல் வைப்பது பத்திரம். அப்பர்ச்சர் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு, லென்ஸ் 18-இல் இருந்தால் எஃப் 3.5. இரண்டும் பூட்டியாகிவிட்டது. மிச்சம் ஐஎஸ்ஓ. முள் நடுவுக்கு வரும்வரை ஏற்றுங்கள். 3200 அருகில் வந்து நிற்கும். கை வேகமாக வீசும் நேரத்தில் அமுக்காமல், விலை சொல்லிவிட்டு அடுத்த ஆள் கேட்பதற்காக ஒரு கணம் நிற்பாரே, அப்போது அமுக்குங்கள். 100 தாராளம்.

சென்னையில் சூரியன் மாதத்தைப் பொறுத்து ஐந்தே முக்காலிலிருந்து ஆறரை மணிக்குள் உதிக்கும். காசிமேட்டில் அது நேரே கடலிலிருந்தே வரும். வெளிச்சம் ஏற ஏற முள் பிளஸ் பக்கம் ஓடும். அப்போது முதலில் ஐஎஸ்ஓவை இறக்குங்கள்: 1600, 800, 400. அது 200-க்கு வந்த பிறகு ஷட்டரை ஏற்றுங்கள். விளக்கு வெளிச்சம் போய் பகல் வெளிச்சம் வந்துவிட்டதால் 250, 500 என்று தாராளமாகப் போகலாம். சூரியன் கொஞ்சம் மேலேறியதும் எஃப் 5.6, 250, ஐஎஸ்ஓ 200 என்ற அளவில் நிற்பீர்கள். மணி பத்தாகி, வெயில் மண்டையைப் பிளக்கும்போது மீட்டரே தேவையில்லை. எஃப் 16-இல், ஷட்டர் எண் ஐஎஸ்ஓ எண்ணுக்குச் சமம் என்று ஒரு பழைய வாய்ப்பாடு இருக்கிறது. ஐஎஸ்ஓ 100 என்றால் ஷட்டர் 100. ஸ்டாப் கணக்குத் தெரிந்தவர் அதையே எஃப் 8, 400 என்று மாற்றிக்கொள்வார். லேசாக மேகம் மூடினால் எஃப் 16-க்குப் பதில் எஃப் 11. கருவாடு காயவைக்கும் இடத்தில் இந்தக் கணக்கை வைத்து எடுத்துப் பாருங்கள், மீட்டரைவிட ஒழுங்காக வரும்.

கேரம் இதற்கு நேர் எதிர். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா நம் வடசென்னைப் பெண். இங்கே தெருவுக்குத் தெரு போர்டு உண்டு. போர்டுக்கு நேர் மேலே தொங்கும் ஒரே பல்பு, சுற்றி இருட்டு. பவுடர் பூசிய பலகை பளபளவென்று மின்னும், ஆடுகிறவர்களின் முகம் அரை இருட்டில் இருக்கும். கேமரா பலகையைப் பார்த்து முகத்தைக் கறுப்பாக்கும், அல்லது சுற்றியுள்ள இருட்டைப் பார்த்துப் பலகையை வெள்ளைச் சுவராக்கும். ஸ்ட்ரைக்கரை அசையாமல் நிறுத்த 1000 கூடப் போதாது. அந்த வெளிச்சத்தில் 1000-க்கு வழியே இல்லை. அதனால் கேள்வியையே மாற்ற வேண்டும். ஸ்ட்ரைக்கர் வேண்டாம். அடிப்பதற்கு முன்னால் விரலை மடக்கி, ஒரு கண்ணைச் சுருக்கி, மூச்சை அடக்கி அவர் குறி பார்க்கிறாரே, அந்த இரண்டு நொடி. அப்போது எதுவும் அசையாது. 50 வைத்தாலும் தெளிவாக வரும், ஐஎஸ்ஓ 1600-க்குள் முடிந்துவிடும். பலகையில் பட்டு மேலே தெறிக்கும் வெளிச்சம் கன்னத்தில் விழும் இடத்தை ஸ்பாட் மீட்டரில் அளந்துகொள்ளுங்கள். எதை எடுப்பது என்று முடிவு செய்துவிட்டால் எண்கள் தானாக இறங்கிவருகின்றன.

மிச்ச விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடுங்கள். ஃபைலை ‘ரா’ வடிவத்தில் சேமித்தால் நிறத்தை அப்புறம் நிதானமாக மாற்றிக்கொள்ளலாம். எடுத்த படத்தைத் திரையில் பார்த்து வெளிச்சத்தை முடிவு செய்யாதீர்கள். இருட்டில் திரை பிரகாசமாகவும் வெயிலில் மங்கலாகவும் தெரிந்து ஏமாற்றும். ஹிஸ்டோகிராம் என்ற மலை வடிவ வரைபடத்தைப் பாருங்கள். மலை வலது சுவரில் முட்டி நின்றால் வெள்ளைப் பகுதிகள் வெளுத்து விவரம் போய்விட்டது என்று பொருள். மீன் செதிலின் மேல் வரும் மினுக்கு முட்டினால் பரவாயில்லை, முகம் முட்டக் கூடாது. போன் வைத்திருப்பவர்களும் ‘ப்ரோ’ முறையில் இதெல்லாம் பழகலாம். பெரும்பாலான போன்களில் அப்பர்ச்சர் மாறாது, ஷட்டரும் ஐஎஸ்ஓவும் மட்டும்தான். ஆரம்பிக்க அது நல்லதுகூட.

‘ஏ’, ‘எஸ்’ என்ற அரை ஆட்டோ முறைகளை (கேனானில் ‘ஏவி’, ‘டிவி’ என்றிருக்கும்) மட்டமாகப் பேசுகிறவர்களைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அப்பர்ச்சரை நாம் பூட்டி மற்றதைக் கேமராவிடம் விடுவது ஏ. ஷட்டரைப் பூட்டுவது எஸ். மேகம் வருவதும் போவதுமாக இருக்கும் கால்பந்துத் திடலில் எஸ்ஸில் 1000 வைத்து ஆட்டோ ஐஎஸ்ஓ போடுவதுதான் புத்திசாலித்தனம். வெளிச்சம் மாறாத இடத்தில் ‘எம்’ அருமை. ஏனென்றால் வெள்ளைச் சட்டைக்காரர் ஃபிரேமுக்குள் வந்தாலும் போனாலும் வெளிச்சம் ஆடாது. பழகுவதற்கு முதல் வாரம் ஏ, அடுத்த வாரம் எஸ், அப்புறம் எம் என்று போங்கள். ஒரு நாளைக்கு ஒரே இடம், ஒரே பொருள், ஒரே ஒரு எண்ணை மட்டும் மாற்றி மாற்றி எடுங்கள். ராத்திரி உட்கார்ந்து படத்தோடு பதிவாகியிருக்கும் எண்களைப் பாருங்கள். எந்த எண் என்ன செய்தது என்று கண்ணே சொல்லிவிடும்.

ஆட்களை எடுப்பதென்றால் அளவையெல்லாம் முன்கூட்டியே வைத்துக்கொண்டுதான் கேட்க வேண்டும். “அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டு அப்புறம் இரண்டு நிமிஷம் திருகிக்கொண்டு நின்றால் அந்த முகத்தில் இருந்தது போய்விடும். “எட்து எட்துக்கோ கண்ணு, அப்டியே ரெண்டு கிலோ சங்கரா வாங்கினு போ” என்று பதில் வரும். வியாபாரத்துக்கு இடைஞ்சலாக நிற்காமல் இருந்தால் யாரும் முறைப்பதில்லை. கடற்கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள், உப்புக் காற்றும் மணலும் சென்சாருக்கு ஆகாது. வீட்டுக்கு வந்ததும் லேசாக ஈரமான துணியால் கேமராவின் வெளிப்பக்கத்தைத் துடைத்துக் காயவிடுங்கள்.

கேமராவைப் பைக்குள் வைப்பதற்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது. விடியற்காலையில் ஏற்றிய 3200-ஐ இறக்கி, ஐஎஸ்ஓ 400, எஃப் 5.6, ஷட்டர் 250 என்று வைத்துவிடுங்கள். ஸ்பாட் மீட்டரையும் பழைய முறைக்கு மாற்றிவிடுங்கள். மறுநாள் தெருமுனையில் திடீரென்று ஏதாவது நடந்து, எண்களைப் பார்க்க நேரமில்லாமல் கேமராவைத் தூக்கினாலும், பகல் நிழலில் இந்த மூன்றும் ஓரளவுக்குச் சரியாக இருக்கும்.